சிறைக் கதவு திறக்கும் செய்தி முதலில் யாருக்கு வர வேண்டும்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், ஆயுள் தண்டனைக் கைதிகளுக்குப் பரோலும் முன்விடுதலையும் எந்த அடிப்படையில் வழங்கப்படுகின்றன என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் எழுதிய பதில் முழுவதும் சிறைக்குள் இருப்பவரின் உரிமையைப் பற்றியதாகவே அமைந்துவிட்டது. அந்தக் குற்றத்தால் வாழ்க்கை சிதைந்து வெளியே இருப்பவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறையைச் சுட்டிக்காட்டிப் பல கடிதங்கள் வந்தன. குற்றவியல் நீதிமன்றங்களில் நெடுங்காலம் பாதிக்கப்பட்டோர் தரப்பில் நின்றவள் நான். அதை விட்டிருக்கக் கூடாது. எனவே இந்த இதழின் பக்கங்களை அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் அண்ணன் கொலை செய்யப்பட்டு 11 ஆண்டுகள் ஆகின்றன. குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. போன பங்குனிப் பொங்கலன்று மாவிளக்குத் தட்டுடன் கோயிலுக்குப் போனபோது, வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான். தட்டு என் கையிலிருந்து நழுவிவிட்டது. பரோலில் வந்திருக்கிறான் என்று பக்கத்தில் நின்ற பெண்தான் சொன்னார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரியாது. வெளியே விடுவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று சட்டம் இல்லையா அம்மா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் ‘அவன்’ என்று இருந்த இடங்களை நான் திருத்தவில்லை. அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு.

நம் நாட்டில் பரோல் என்று நாம் சொல்வது தற்காலிக விடுப்பு. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி, நெருங்கிய உறவினரின் மரணம், திருமணம் போன்றவற்றுக்காக அவசர விடுப்பும், குடும்பப் பொறுப்புகளைக் கவனிப்பதற்காகச் சாதாரண விடுப்பும் தரப்படுகின்றன. விடுப்பு முடிந்ததும் கைதி சிறைக்குத் திரும்பிவிட வேண்டும். தண்டனைக் காலம் முடியும் முன்பே நிரந்தரமாக வெளியே விடுவது முன்விடுதலை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பரோல் என்ற சொல் பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான் குறிக்கிறது. செய்திகளைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் குழப்பம் வராது.

இனி உங்கள் கேள்வி. விடுப்புக் கேட்டு வரும் மனுவின்மீது காவல்துறையின் அறிக்கையும் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையும் பெறப்படுகின்றன. அந்த விசாரணையின்போது ஓர் அதிகாரி உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து கேட்கலாம், கேட்காமலும் போகலாம். முன்கூட்டியே உங்களுக்குத் தகவல் சொல்லியே தீர வேண்டும் என்ற உறுதியான உரிமையை அந்த விதிகள் உங்கள் கையில் தரவில்லை. ஒரு சட்டம் மட்டும் இதில் தெளிவாகப் பேசுகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம் 15அ என்ற பிரிவைச் சேர்த்தது. அதன் ஐந்தாம் உட்பிரிவு, பிணை, விடுவிப்பு, விடுதலை, பரோல், தண்டனை ஆகியவை தொடர்பாக அச்சட்டத்தின்கீழ் நடக்கும் எந்த நடவடிக்கையிலும் பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்தவரோ தம் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு என்கிறது. பரோல் என்ற சொல்லையே பாதிக்கப்பட்டவரின் உரிமையோடு சேர்த்து எழுதிய பிரிவு அது. ஒரு வகைக் குற்றத்துக்குச் சாத்தியமான இந்த ஏற்பாடு மற்ற குற்றங்களுக்கு ஏன் இல்லை என்று நான் பல மேடைகளில் கேட்டுவிட்டேன். இங்கும் கேட்கிறேன்.

உங்களுக்கு நேர்ந்தது உலகின் மறுகோடியில் இன்னொரு பெண்ணுக்கும் நேர்ந்திருக்கிறது. 1983இல் கலிஃபோர்னியாவில் மார்ஸி நிக்கலஸ் என்ற கல்லூரி மாணவியை அவருடைய முன்னாள் காதலர் கொலை செய்தார். ஒரு வாரம் கழித்து மகளின் கல்லறைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் மளிகைக் கடைக்குள் நுழைந்த தாய், அங்கே அந்த மனிதரையே எதிரில் கண்டார். அவர் பிணையில் வெளிவந்த செய்தியை யாரும் அந்தத் தாயிடம் சொல்லியிருக்கவில்லை. 25 ஆண்டுகளுக்குப் பிறகு, 2008 நவம்பரில் கலிஃபோர்னிய மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய பாதிக்கப்பட்டோர் உரிமைச் சட்டம் அந்த மாணவியின் பெயரால் ‘மார்ஸி சட்டம்’ என்று அழைக்கப்படுகிறது.

நீங்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வழக்கு எண், தீர்ப்புத் தேதி, கைதியின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, இனி விடுப்போ முன்விடுதலையோ பரிசீலனைக்கு வரும்போது எங்களுக்குத் தெரிவித்து எங்கள் கருத்தையும் பெற வேண்டும் என்று சிறைக் கண்காணிப்பாளருக்கும் உள்துறைச் செயலருக்கும் மனு எழுதி, ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். நகலை உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது பெறுங்கள். விடுப்பில் வருபவர் எங்கே தங்க வேண்டும், எந்தக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை விதிக்க முடியும். உங்கள் ஊருக்குள் வரக் கூடாது என்ற நிபந்தனையை நீங்கள் காரணங்களோடு கேட்கலாம். ‘விடவே கூடாது’ என்ற மனுவைவிட ‘இந்த ஊரில் வேண்டாம்’ என்ற மனு எளிதில் செவிமடுக்கப்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவில் பரோல் விசாரணையில் பாதிக்கப்பட்டவர்களே நேரில் பேசலாம் என்று படித்தேன். நம் நாட்டிலும் அப்படி வந்தால் அவர்களுக்கு மன நிம்மதி கிடைக்கும் அல்லவா?
– கல்லூரி ஆசிரியர், கோயம்புத்தூர்

பதில்: அந்த உரிமை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால் நிம்மதி கிடைக்கும் என்று மட்டும் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

கலிஃபோர்னியாவில் பரோலுக்கு வாய்ப்புள்ள ஆயுள் கைதியைப் பரோல் வாரிய உறுப்பினர்கள் விசாரிக்கிறார்கள். குற்றத்தைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறார், சிறையில் எப்படி நடந்துகொண்டார், வெளியே போனால் எங்கே தங்குவார், எப்படிப் பிழைப்பார் என்றெல்லாம் கேட்கிறார்கள். பாதிக்கப்பட்டவரோ அவர் குடும்பத்தினரோ முன்பே பதிவு செய்திருந்தால் விசாரணைத் தேதி அவர்களுக்கு அறிவிக்கப்படும். அவர்கள் வந்து பேசலாம், பிரதிநிதியை அனுப்பலாம், எழுதியும் கொடுக்கலாம். முன்பு இது சிறைக்குள்ளேயே நடந்தது. பல மணி நேரம் பயணம் செய்து, சோதனைகளைத் தாண்டி, கொன்றவர் அமர்ந்திருக்கும் அறையிலேயே போய் அமர வேண்டியிருந்தது. கொரோனாக் காலத்திலிருந்து பெரும்பாலும் காணொளி வழியாக நடக்கிறது.

1969 ஆகஸ்ட் 9 அன்று நடிகை ஷாரன் டேட், எட்டரை மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, சார்லஸ் மேன்சனின் கூட்டத்தினரால் கொல்லப்பட்டார். அவருடைய தாய் டோரிஸ் டேட் பத்தாண்டுகளுக்கு மேல் துயரத்தில் ஒடுங்கிக் கிடந்தார். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த லெஸ்லி வான் ஹூட்டனுக்குப் பரோல் கேட்டு 900 பேர் கையெழுத்திட்டிருப்பதாக 1982இல் அறிந்தபோதுதான் எழுந்தார். எதிராக மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார். பாதிக்கப்பட்டவர்கள் பரோல் விசாரணையில் பேசும் உரிமை அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் சட்டமானது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர். அதைப் பயன்படுத்தி முதலில் பேசியவர்களுள்ளும் அவர் ஒருவர். அவர் எழுந்து நின்றதற்கு அந்த விசாரணைகளே காரணம் என்பதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் அதன் பிறகு நடந்ததையும் பாருங்கள். டோரிஸ் 1992இல் இறந்தார். இளைய மகள் பாட்டி அந்தப் பொறுப்பை ஏற்றார். அவரும் 2000இல் இறந்துவிட்டார். நடு மகள் டெப்ரா இன்றுவரை விசாரணைதோறும் போய்க்கொண்டிருக்கிறார். குற்றம் நடந்தபோது பள்ளிப் பருவத்தில் இருந்தவர், தம் முதுமையிலும் அதே இரவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. தாயிடமிருந்து மகளுக்கு நகையும் நிலமும் வருவதுபோல அந்தக் குடும்பத்தில் பரோல் விசாரணை வந்து சேர்ந்தது. வான் ஹூட்டன் வேறொரு தம்பதியின் கொலைக்காகத் தண்டிக்கப்பட்டவர். பல முறை மறுக்கப்பட்டு, பிறகு வாரியம் பரிந்துரைத்தும் ஆளுநர்கள் தடுத்து, கடைசியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பால் 2023 ஜூலையில், 50 ஆண்டுகளுக்கும் மேலான சிறைவாசத்துக்குப் பின் வெளியே வந்தார்.

இந்த அலைச்சலை உணர்ந்துதான் மார்ஸி சட்டம், பரோல் மறுக்கப்பட்டால் அடுத்த விசாரணையை 3 ஆண்டு முதல் 15 ஆண்டு வரை தள்ளிவைக்க வழி செய்தது. அதற்கு முன் ஒன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள்ளேயே மறுபடி அழைப்பு வந்துவிடும். ஒவ்வொரு அழைப்புக் கடிதமும் வந்த நாளிலிருந்து வீட்டில் தூக்கம் போய்விடும், சமையல் தடுமாறும், பிள்ளைகள்மீது எரிச்சல் விழும் என்று பாதிக்கப்பட்டவர்கள் சொல்வது எந்த நாட்டிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. ஆறிக்கொண்டிருக்கும் புண்ணின் கட்டைத் தேதி குறித்து அவிழ்ப்பது போன்றது அது.

குடும்பத்துக்குள்ளேயே பிளவு வருவதும் உண்டு. 1968இல் அமெரிக்க அரசியல் தலைவர் ராபர்ட் கென்னடியைச் சுட்டுக் கொன்ற சிர்ஹான் சிர்ஹானுக்கு 2021 ஆகஸ்டில் பரோல் பரிந்துரைக்கப்பட்டபோது, கென்னடியின் மகன்கள் இருவர் அதை ஆதரித்தார்கள். பிள்ளைகளில் ஆறு பேரும் தாயும் எதிர்த்தார்கள். ஆளுநர் 2022 ஜனவரியில் அந்தப் பரிந்துரையை நிராகரித்தார். ஒரே தந்தையை இழந்த பிள்ளைகள் ஊரறிய இரு அணிகளாக நிற்க வேண்டிவந்தது.

ஆகவே ஆசிரியரே, பேசும் உரிமை வேண்டும். அதோடு, பேசாமல் இருக்கும் உரிமையும் அதே அளவு உறுதியாக வேண்டும். நான் வரவில்லை என்று ஒரு தாய் சொன்னால், அவருக்கு இனி வருத்தமில்லை என்று எந்த அதிகாரியும் கோப்பில் எழுதிவிடக் கூடாது. யார் பேசினாலும் பேசாவிட்டாலும் அந்தக் கைதி இன்றும் ஆபத்தானவரா என்பதை முடிவு செய்யும் சுமை அரசுடையது. சிறைச் சாவியை அந்தத் தாயின் முந்தானையில் முடிந்துவிடக் கூடாது.

கேள்வி: பில்கிஸ் பானு வழக்கில் குற்றவாளிகளை விடுவித்தது தவறு என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்படியென்றால் நம் சட்டத்தில் போதுமான பாதுகாப்பு இருக்கிறது என்றுதானே பொருள்?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, அந்தத் தீர்ப்பு வந்த நாளில் நானும் மகிழ்ந்தேன். ஆனால் அங்கே பாதுகாப்பாக நின்றது பில்கிஸ் பானு என்ற ஒரு பெண்ணின் விடாப்பிடிதான் என்று நினைக்கிறேன்.

2002 மார்ச்சில் குஜராத் கலவரத்தின்போது, 21 வயதில், ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்த அவர் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். அவருடைய மூன்று வயது மகளும் உறவினர்கள் பலரும் அவர் கண்ணெதிரே கொல்லப்பட்டார்கள். குஜராத்தில் நியாயமான விசாரணை நடக்காது என்று வழக்கு மகாராஷ்டிரத்துக்கு மாற்றப்பட்டு, 2008 ஜனவரியில் மும்பை சிறப்பு நீதிமன்றம் 11 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடும் வேலையும் வீடும் தர உத்தரவிட்டது. இனி வாழத் தொடங்கலாம் என்று நினைத்திருப்பார். 2022 ஆகஸ்ட் 15 அன்று அந்த 11 பேரும் குஜராத் அரசின் ஆணையால் கோத்ரா கிளைச் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். மாலையும் இனிப்பும் தந்து வரவேற்றார்கள். இந்த முடிவை எடுக்கும் முன் தம்முடைய பாதுகாப்பைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை என்று அவர் அப்போது விடுத்த அறிக்கையில் சொன்னார். அந்த விடுதலைக்கு வழிவிட்ட, உச்ச நீதிமன்றத்தின் 2022 மே மாத ஆணை பிறந்த வழக்கில்கூட அவர் ஒரு தரப்பாகச் சேர்க்கப்படவில்லை.

மும்பை நீதிமன்றத்தின் நீதிபதி விடுதலைக்கு எதிராகக் கருத்துச் சொல்லியிருந்தார். புலனாய்வு செய்த சிபிஐயும் எதிர்த்தது. அவையெல்லாம் கோப்பில் கிடக்க, விடுதலை நடந்தது. பில்கிஸ் மறுபடியும் உச்ச நீதிமன்றப் படியேறினார். 2024 ஜனவரி 8 அன்று நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, உஜ்ஜல் புயான் ஆகியோர், வழக்கு விசாரணை நடந்த மகாராஷ்டிர அரசுக்கே விடுவிக்கும் அதிகாரம் உண்டு, குஜராத்துக்கு இல்லை என்றும், 2022 மே மாத ஆணை உண்மைகளை மறைத்துப் பெறப்பட்டது என்றும் கூறி விடுதலையை ரத்து செய்தார்கள். இரண்டு வாரத்துக்குள் 11 பேரும் சிறைக்குத் திரும்பினார்கள். மலையளவு கல்லொன்று நெஞ்சிலிருந்து இறங்கி, மறுபடியும் மூச்சுவிட முடிகிறது என்ற பொருளில் பில்கிஸ் அன்று சொன்னார். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அந்தக் கல்லைச் சுமந்திருக்கிறார். அதைத் தூக்கி வைத்தது ஓர் அரசு ஆணை.

நம் சட்டத்தின் குறை எங்கே என்று கேட்டால், முன்விடுதலைக்கு நீதிமன்றங்கள் காலங்காலமாக எடுத்துக்காட்டும் அளவுகோலையே காட்டுவேன். 2000ஆம் ஆண்டு லட்சுமண் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கவனிக்கச் சொன்னவை ஐந்து. சமூகத்தைப் பாதிக்காத தனிப்பட்ட குற்றமா, மீண்டும் குற்றம் நிகழ வாய்ப்பு உண்டா, குற்றம் செய்யும் ஆற்றலை அவர் இழந்துவிட்டாரா, இனியும் சிறையில் வைப்பதால் பயன் உண்டா என்பவை முதல் நான்கு. ஐந்தாவது, கைதியின் குடும்பத்தினுடைய சமூக, பொருளாதார நிலை. நல்ல கேள்விகள்தாம். ஐந்தையும் எத்தனை முறை படித்தாலும், கொல்லப்பட்டவரின் குடும்பம் எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்வி அவற்றில் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் விவசாயிகள் கொல்லப்பட்ட லக்கிம்பூர் கேரி வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், குற்றம் நடந்தது முதல் ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் தம் தரப்பைச் சொல்லும் உரிமை உடையவர் என்று கூறியது. அது பிணை தொடர்பான வழக்கு. அந்த வாசகத்தை முன்விடுதலைக் கோப்புவரை கொண்டுவந்து எழுதிவைக்கும் விதி இன்னும் வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டிலும் இந்தக் காயம் உண்டு. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் பேருந்தில் வந்தவர்களும் சாதி வெறியால் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் மூவர் 2008இலும், பதின்மூன்று பேர் 2019 நவம்பரிலும் முன்விடுதலை பெற்றார்கள். தலைவர்களின் பிறந்தநாளையும் நூற்றாண்டையும் ஒட்டி மொத்தமாக விடுவிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. 2008இல் அண்ணா நூற்றாண்டையொட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுள் கைதிகள் ஒரே நாளில் விடுவிக்கப்பட்டார்கள். ஒரு மகிழ்ச்சியான நாளில் பலர் வீடு திரும்புவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பட்டியலாக விடும்போது ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் இருக்கும் இன்னொரு வீட்டை யாரும் தேடிப் போவதில்லை.

கேள்வி: என் மகன் 19 வயதில் ஒரு தகராறில் செய்த குற்றத்துக்காக 16 ஆண்டுகளாகச் சிறையில் இருக்கிறான். உள்ளே இருந்தே பட்டம் படித்தான். அவன் செய்தது தவறுதான். ஆனால் நீங்கள் எழுதப்போவதைப் படித்துவிட்டு, யாரையும் விடக் கூடாது என்று எல்லோரும் சொல்லத் தொடங்கினால் எங்களைப் போன்ற தாய்மார் எங்கே போவது?
– ஒரு தாய், திருச்சிராப்பள்ளி

பதில்: அம்மா, இந்தக் கடிதம் வந்ததால்தான் மேலே எழுதியவற்றை இரண்டு முறை திருத்தினேன்.

திருந்தியவரை வெளியே விடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மேலே சொன்ன பில்கிஸ் பானு வழக்கின் தீர்ப்பும், தண்டனை பழிவாங்குவதற்காக அன்று, திருத்துவதற்காக என்ற பிளேட்டோவின் கருத்திலிருந்தே தொடங்குகிறது. கொலை போன்ற பெருங்குற்றங்களில் ஆயுள் தண்டனை பெற்றவர் குறைந்தது 14 ஆண்டுகள் சிறையில் இருந்தாக வேண்டும் என்று 1978 முதல் சட்டம் சொல்கிறது. அந்தக் காலத்தை உங்கள் மகன் கடந்துவிட்டார். அவருடைய கோப்பு நேர்மையாகவும் தாமதமின்றியும் பரிசீலிக்கப்பட வேண்டும்.

உங்கள் மகனால் உயிரிழந்தவரின் வீட்டுக்கு முன்கூட்டியே செய்தி சொல்லப்பட்டு, அவர்கள் சொல்வது கேட்டுப் பதிவு செய்யப்பட்ட பிறகு வரும் விடுதலை, உங்கள் மகனுக்கும் பாதுகாப்பானது என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள். செய்தி தெரியாமல் தெருவில் எதிர்ப்படும்போதுதான் பழைய பகை மறுபடி கொதிக்கிறது. நம் தென்மாவட்டங்களில் விடுப்பில் வந்தவர் வெட்டுப்பட்ட செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அந்த வீட்டைக் கேளுங்கள் என்று நான் சொல்வதை, அவர்களுடைய அனுமதி இருந்தால்தான் விட வேண்டும் என்று கொள்ள வேண்டாம். அவர்கள் வெறுப்பதால் மட்டுமே ஒருவர் ஆயுள் முழுதும் உள்ளே இருக்க முடியாது; அவர்கள் மன்னித்துவிட்டதால் மட்டுமே ஆபத்தான ஒருவர் வெளியே வரவும் முடியாது. சிறையில் படித்ததற்கான சான்றிதழ்களைப் பத்திரமாகச் சேர்த்துவையுங்கள். அந்தக் குடும்பத்துக்கு உங்கள் மகன் இதுவரை ஒரு வருத்தக் கடிதமும் எழுதவில்லையென்றால், அவருடைய வழக்கறிஞரின் ஆலோசனையோடும் சிறை அதிகாரிகளின் வழியாகவும் அதைப் பற்றி யோசியுங்கள். நேரில் போய் நிற்க வேண்டாம். நீங்களும் போக வேண்டாம், உறவினரை அனுப்பவும் வேண்டாம்; அவர்கள் அதை மிரட்டலாகக் கொள்ளக்கூடும்.

கேள்வி: எங்கள் நாட்டில் பரோல் விசாரணை என்று ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை, பொதுமன்னிப்புத்தான் செய்தியாக வருகிறது. மிருசுவில் குடும்பங்களை யாராவது கேட்டார்களா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: 2000 டிசம்பரில் மிருசுவிலில் தங்கள் வீடுகளைப் பார்க்கப் போன தமிழர்கள் எட்டுப் பேர், சிறுவர்கள் உட்பட, கொன்று புதைக்கப்பட்டார்கள். 15 ஆண்டுகள் கழித்து, 2015இல் ஓர் இராணுவச் சிப்பாய்க்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் இலங்கையின் உச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில், உலகமே கொரோனா அச்சத்தில் முடங்கிய நாட்களில், அன்றைய சனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். அந்தக் குடும்பங்களின் குரலுக்கு அந்த முடிவில் இடமிருக்கவில்லை. தீர்ப்புக்கு அவர்கள் காத்திருந்த ஆண்டுகளையும் மன்னிப்பு வந்த வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு எழுத வார்த்தை வருவதில்லை.

ஆனால் ஒரு கதவு சற்றே திறந்திருக்கிறது. ராயல் பார்க் குடியிருப்புக் கொலை வழக்கின் குற்றவாளிக்கு 2019இல் அன்றைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன வழங்கிய மன்னிப்பை, 2024இல் உங்கள் நாட்டு உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. மன்னிக்கும் அதிகாரமும் கேள்விக்கு உட்பட்டதே என்று அங்கே நிலைநாட்டப்பட்டிருக்கிறது.

கேள்வி: மன்னிப்பதுதான் மனக் காயத்துக்கு மருந்து என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பிரியங்கா காந்தி வேலூர் சிறைக்கே போய் நளினியைச் சந்திக்கவில்லையா?
– வாசகி, சென்னை

பதில்: சந்தித்தார். தம் தந்தை ராஜீவ் காந்தியின் கொலை வழக்கில் தண்டனை பெற்றவருடன் 2008 மார்ச்சில் நடந்த அந்தச் சந்திப்பு, பிரியங்கா தம் மன அமைதிக்காகத் தாமே தேர்ந்துகொண்டது. அதற்கு முன்பே சோனியா காந்தி நளினியின் மரண தண்டனையைக் குறைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். 2000இல் அது ஆயுள் தண்டனையானது. 2022இல் பேரறிவாளனும், அதன் பின் நவம்பர் 11 அன்று நளினி உள்ளிட்ட ஆறு பேரும் உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். 30 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்தவர்களின் விடுதலையைத் தமிழ்நாட்டில் பலர் வரவேற்றார்கள். ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 அன்று இறந்தவர்களில் பணியிலிருந்த காவலர்களும் கட்சித் தொண்டர்களும் இருந்தார்கள். அவர்களுடைய குடும்பங்களில் சிலரும், அன்று படுகாயமடைந்து பிழைத்தவர்களும், எங்களை யாரும் கேட்கவில்லையே என்று சொன்னார்கள். ஒரு குடும்பம் மன்னித்ததை எல்லாக் குடும்பங்களின் கணக்கிலும் வரவு வைத்துவிட முடியாது.

மன்னிப்பால் வாழ்க்கையை மீட்டுக்கொண்டவர்களும் உண்டு. 1995இல் அமெரிக்காவின் சான் டியேகோவில், பீட்சா கொண்டுபோன 20 வயது மாணவன் தாரிக் கமீசாவை 14 வயதுச் சிறுவன் ஒருவன் சுட்டுக் கொன்றான். துப்பாக்கியின் இரு முனையிலும் பிள்ளைகளே பலியானார்கள் என்று எண்ணிய தந்தை அசீம் கமீசா, கொன்ற சிறுவனின் தாத்தாவோடு சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளிடையே வன்முறைக்கு எதிராகப் பணியாற்றத் தொடங்கினார். சில ஆண்டுகள் கழித்துச் சிறையில் அந்த இளைஞரைச் சந்தித்தார். அவருடைய பரோலையும் ஆதரித்தார். அந்த இளைஞர் 2019இல் வெளியே வந்தார்.

இதைப் படித்துவிட்டு, நம்மால் முடியவில்லையே என்று குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். இங்கிலாந்தில் 1988இல் கொல்லப்பட்ட ஹெலன் மக்கோர்ட் என்ற இளம்பெண்ணின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அவருடைய தாய் மேரி கேட்டதெல்லாம் மகளை எங்கே புதைத்தாய் என்ற ஒரே கேள்விக்குப் பதில்தான். அவருடைய நெடும்போராட்டத்தால், உடல் இருக்கும் இடத்தைச் சொல்ல மறுப்பதைப் பரோல் வாரியம் கணக்கில் கொள்ள வேண்டும் என்ற சட்டம் 2020இல் வந்தது. அது நடைமுறைக்கு வரும் முன்பே கொலையாளி பரோலில் வெளிவந்துவிட்டார். 2022இல் பதில் சொல்லாமலே இறந்தும் போனார். காரியம் செய்ய ஒரு பிடி சாம்பல்கூட இல்லாத அந்தத் தாயிடம் போய் மன்னியுங்கள் என்று யார் சொல்வது? மன்னிப்பவர் தாமாக மன்னிக்கட்டும். அருகில் இருப்பவர்கள் அதைக் கேட்டு வற்புறுத்தாமல் இருந்தாலே போதும்.

கேள்வி: எங்கள் அப்பாவைக் கொன்றவரின் முன்விடுதலை தொடர்பாக ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து, உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கும் பேச வரவில்லை. அடுத்த வாரம் மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் என்ன சொல்வது?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தம்பி, ஆட்சேபம் உண்டு, இல்லை என்ற ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாதீர்கள். எழுதிக் கொடுங்கள். அப்பா போன பிறகு வீட்டு வருமானம் என்னவாயிற்று, படிப்பு எங்கே நின்றது, அம்மாவின் உடல்நிலை எப்படி இருக்கிறது, குற்றவாளியின் உறவினர்கள் எத்தனை தொலைவில் வசிக்கிறார்கள், இந்த ஆண்டுகளில் மிரட்டலோ சமரசப் பேச்சோ வந்ததா, விடுதலை செய்தே ஆக வேண்டுமென்றால் எந்த நிபந்தனைகளோடு என்பவற்றை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். உங்களுக்கு அவர்மேல் கோபமில்லை என்றால் அதையும் எழுதலாம். அண்ணன் தம்பிகளுக்குள் கருத்து வேறுபட்டால் தனித்தனியாகக் கொடுக்கலாம். ஒருவரை ஒருவர் கட்டாயப்படுத்த வேண்டாம். இழப்பீடு இதுவரை பெறவில்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அதையும் விசாரியுங்கள். உங்கள் அம்மா பெண் என்பதால், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அவருக்கு அங்கே இலவச வழக்கறிஞர் உதவி கிடைக்கும்.

அம்மாவைப் பேசச் சொல்லி அழைத்துவர வேண்டாம். அவர் கதவைச் சாத்திக்கொண்டதையும், எத்தனை நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதையும் உங்கள் மனுவில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடுங்கள். அதிகாரி வருவதற்கு முந்தைய நாளே இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் அவருடைய கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முடிவு எதுவாக இருந்தாலும் எனக்கு எழுதுங்கள்.